நாலோ அஞ்சோ

நாலு என்று சொன்னது தன் வாய்தான், அதில் சந்தேகமில்லை. எதைப் பார்த்து நாலு என்று சொன்னோம் என்பதில்தான் பேராச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லூர்து அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில், கணுக்கால் நனைகிற தண்ணீரில், சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரு காலிக் குழாயுடன் நின்றுகொண்டிருந்தாள். கொட்டியது கொட்டியதுதான். மாடித் தரையில் ஏற்கெனவே கிடந்த மழைத் தண்ணீரோடு அதுவும் சேர்ந்து, மூலையிலிருந்த ஓட்டை வழியாகக் களகளவென்று தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போகிற தண்ணீரை நிறுத்தி, நீ எத்தனை குழாய் என்று கேட்க முடியுமா? மழைமானி என்றால் பெரிய எந்திரமெல்லாம் இல்லை. அகலமான பிளாஸ்டிக் உருளை ஒன்று, அதற்குள் ஒல்லியாக ஒரு குழாய், மேலே புனல், அவ்வளவுதான். குழாய் நிறைந்தால் இருபத்தைந்து மில்லிமீட்டர். அதற்கு மேல் பெய்தால் வழிந்து உருளைக்குள் விழும். காலை எட்டரைக்குப் போய், நிறைந்த குழாயை ஒன்று என்று எண்ணிக் கொட்டிவிட்டு, உருளையில் கிடப்பதை அதே குழாயில் ஊற்றி ஊற்றி ரெண்டு, மூணு என்று எண்ணிக் கொட்ட வேண்டும். கடைசியில் நிறையாமல் நிற்கிறதைக் கோட்டில் பார்த்துக் கூட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. கடைசிக் குழாயில் பதினொன்று புள்ளி இரண்டு. அது சத்தியம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, கண்மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்தது. ஆனால் அதற்கு முன்னால் கொட்டியது நாலா, அஞ்சா? நாலென்றால் நூற்றுப் பதினொன்று புள்ளி இரண்டு. அஞ்சென்றால் நூற்று முப்பத்தாறு புள்ளி இரண்டு. இருபத்துமூன்று வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள் அவள். ஒரு தடவை பதினைந்துக்குப் பதினாலு கொடுத்துவிட்டு, அந்த ஒற்றை மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மகாராஜநகர் வரைக்கும் ஆளைத் தேடிப் போனவள். அவளுக்கா அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாமல் போனது?

மதர்தான் காரணம். இல்லை, மதரைச் சொல்லக் கூடாது, பார்த்த கண்ணைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி வீட்டுக்கு எதிர்த்தாற்போல் கன்னியர் மடமும் அதை ஒட்டிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமும். மழைக்கு இன்று விடுமுறை விட்டிருந்தார்கள். மைதானம் முழுக்கத் தண்ணீர், கூடைப்பந்துக் கம்பம் ரெண்டும் குளத்துக்குள் நின்றன. பேராச்சி ஒன்று கொட்டினாள், ரெண்டு கொட்டினாள், மூன்றாவதை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மடத்துக் கதவு திறந்து மதர் வெளியே வந்தார். தலைமை மதர். பள்ளிக்கூடத்து மணியே அவர் முகத்தைப் பார்த்துத்தான் அடிக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வெள்ளை அங்கியை ஒரு கையில் கொத்தாகப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் செருப்பு. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. மாடியில் ஒருத்தி குழாயும் கையுமாக நிற்பதை யார் எதிர்பார்ப்பார்கள்? தண்ணீருக்குள் இறங்கி, வலது காலைத் தூக்கி ஓங்கி ஒரு எத்து எத்தினார். தண்ணீர் பூவாகச் சிதறியது. நின்று யோசித்தார். மறுபடியும் ஒரு எத்து. பேராச்சிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரெண்டு என்றாள். அது எத்துக்கா, குழாய்க்கா? கை பாட்டுக்கு ஊற்றியது, கொட்டியது, கண் பாட்டுக்கு மதரைப் பார்த்தது, வாய் பாட்டுக்கு மூணு, நாலு என்று எண்ணியது. நாலாவது எத்தில் மதரின் முக்காடு கொஞ்சம் நழுவியது, அதைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மாதா கோயில் பக்கமாக நடந்து போனார். அஞ்சாவது எத்து ஒன்று உண்டா, இல்லை, அது பேராச்சி ஆசைப்பட்டதா? கையில் பார்த்தால் குழாயில் பதினொன்று புள்ளி இரண்டு, உருளை காலி.

மூணு என்று சொல்லும்போது எந்தக் கை எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். கொட்டுகிற சத்தம் ஞாபகத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். சத்தம் எல்லாம் ஒரே சத்தம். உருளையைக் கையில் முதலில் தூக்கியபோது இருந்த கனம்? கனமாகத்தான் இருந்தது, நிறைமாதக்காரி மாதிரி ரெண்டு கையாலும் தாங்கித்தான் தூக்கினாள், தூக்கும்போது மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வைத்து அளக்க முடியுமா? தன் வீட்டில் ஏழே முக்காலுக்குத் தூறலோடு தூறலாகக் குடை பிடித்துக்கொண்டு எடுத்தது நூற்றுப் பதினெட்டு புள்ளி ஆறு. அங்கே மதர் யாரும் இல்லை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது, அதனால் எண்ணிக்கை தப்பவில்லை. தன்னைப் போல மழை அளக்கிற ஹமீதாவும் பாண்டியும் போனில் அனுப்பியிருந்தார்கள். ஹமீதா வீட்டில் நூற்று நாலு. பாண்டி வீட்டில் நூற்று இருபத்தொன்று புள்ளி நாலு. ரெண்டு கிலோமீட்டருக்குள் மழை எப்படி வேண்டுமானாலும் பெய்யும், தெருவின் இந்த ஓரம் நனைந்து அந்த ஓரம் காய்ந்து கிடந்ததையெல்லாம் பார்த்தாயிற்று. ஆக அண்ணாச்சி வீட்டில் நூற்றுப் பதினொன்றும் பெய்திருக்கலாம், நூற்று முப்பத்தாறும் பெய்திருக்கலாம். ரெண்டையும் யாரும் நம்புவார்கள். அதுதான் பயமாக இருந்தது.

தோளில் தொங்கிய பைக்குள் பாலிதீன் உறை, அதற்குள் அண்ணாச்சியின் நோட்டு. பன்னிரண்டு வருஷ நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து அடித்த மூன்று கட்டம்: தேதி, மி.மீ., குறிப்பு. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. சித்திரை வெயிலில் தார் உருகும்போதும் எட்டரைக்கு மாடியேறி, காய்ந்த குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு 0.0 என்று எழுதுவார். மகள் கல்யாணத்தன்று, எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பி வேனில் உட்கார்ந்த பிறகு, பட்டு வேட்டியோடு மாடியேறி 0.0 எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தவர். குறிப்புக் கட்டத்தில் மட்டும் ஒன்றுமே கிடையாது. மேலிருந்து கீழே வரை வெள்ளை. ஏழு வருஷத்துக்கு முந்தி ஒரு கார்த்திகையில் நூற்று இருபத்தெட்டு பெய்த நாளிலும் அந்தக் கட்டத்தில் எதுவும் இல்லை. அந்த நோட்டில் அதுதான் பெரிய மழை. நூற்று முப்பத்தாறு என்றால் அதையும் தாண்டிவிடும். அண்ணாச்சி இந்த மாதம் ஊரைவிட்டுப் போகவே இஷ்டமில்லாமல்தான் போனார். மகளுக்குப் பூனாவில் பிரசவம், பேத்தி பிறந்து ஒன்பது நாள். ரயில் ஏறும்போது நோட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ஹமீதா கிட்ட குடுத்தா தப்பே வராது. பாண்டி நேரத்துக்கு வர மாட்டான். ஆனா நீதான் தாயி மழைய ஆசையாப் பாப்ப. அதான் ஒன்கிட்ட குடுக்கேன்." ஆசையாகப் பார்த்ததன் லட்சணம்தான் இது. நூற்று முப்பத்தாறு என்று எழுதிவிடலாமா? பாவம், மனுஷன் எவ்வளவு சந்தோஷப்படுவார். பேத்தி பிறந்த மாதத்தில் பெரிய மழை என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவேளை அஞ்சாகவே இருந்துவிட்டால் அது பொய்யும் இல்லை. பாதிக்குப் பாதி பொய். அரை மாத்திரை மாதிரி.

கீழே ஸ்கூட்டர் ஹாரன் மூன்று தரம் அடித்தது. மூன்று தரம்தான், அதைச் சரியாக எண்ணினாள்.

"ஏட்டி, மாடியிலயே குடித்தனம் வச்சிட்டியா? எத்தன?" என்று ஹமீதா தெருவிலிருந்து கத்தினாள்.

"எறங்கி வாரேன்."

"எத்தனன்னு கேட்டா எறங்கி வாரேங்கா. வா, வா, ஆத்துல தண்ணி வடிஞ்சிரப் போவுது."

ஹமீதா கணக்கு டீச்சர். மழைக்கோட்டு, அதற்கு மேல் ஹெல்மெட், முன்னால் தொங்கும் பையில் ஒரு மிக்ஸி ஜாடி. ஜாடியில்லாமல் அவர்கள் எங்கும் போக முடியாது. ஜாடி என்றால் இன்றைக்கு ஜாடி, போன மழைக்குக் கோதுமை அரைக்க ஒரு தூக்கு, அதற்கு முந்தி ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிற சேலை. "எட்டரை" என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த வாட்ஸப் குழுவில் மொத்தம் நாலே பேர், நாலு வீட்டிலும் மழைமானி, நாலு வீட்டிலும் கேலி. பேராச்சியின் வீட்டுக்காரர், "மழையப் பாக்கதுக்கு ஒரு சங்கமா? அப்பம் வெயிலப் பாக்கதுக்கும் ஒண்ணு ஆரம்பிங்க, நான் தலைவரா வாரேன்" என்பார். சும்மா ஆற்றைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டிலிருந்தும் இறங்க முடியாது. அதனால் யாராவது ஒருத்தர் வீட்டு வேலையை முன்னால் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் கிளம்புவது. போகிற வழியில் வேலை, திரும்புகிற வழியில் வேலை, நடுவில் மழை. இப்படியே நாலு பேர் வீட்டு வேலையும் நாலு பேருக்கும் பொதுவாகிப்போனது. பாண்டி அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது தீரும் என்று பேராச்சிக்குத் தெரியும். பேராச்சி வீட்டு மீட்டரில் என்ன ஓடியிருக்கிறது என்று பாண்டிக்குத் தெரியும். அண்ணாச்சிக்கு எல்லார் வீட்டு ரேஷன் கார்டு எண்ணும் மனப்பாடம். ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து ஹமீதாவின் தோளைப் பிடித்தபோது அந்த ஈர மழைக்கோட்டு வாசனை, ரப்பரும் பெட்ரோலும் கலந்த மாதிரி, பேராச்சிக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இந்த வயதில் ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தெரு முழுக்க வேப்பமரத்துப் பழுப்பு இலை ஒட்டிக் கிடந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒருவர் வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டு, இறைக்க இறைக்கப் பாட்டும் பாடிக்கொண்டிருந்தார். எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுவில் அந்த ஒரு குழாய் மட்டும் செருப்புக்குள் போன கல்லாக உறுத்தியது.

"சொல்லவே இல்லியே, எத்தன?" என்றாள் ஹமீதா, தலையைத் திருப்பாமல்.

"நோட்டுல எழுதிட்டுச் சொல்லுதேன்."

"இன்னும் எழுதலியா? நெனப்புல வச்சிருக்கியா? ஒன் நெனப்புலயா?" ஹமீதா சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் லேசாக ஆடியது. குக்கரில் அரிசி போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்த கதை, கடைச் சாவியைப் பூக்காரி கூடையில் வைத்துவிட்டு வந்த கதை எல்லாம் அந்தச் சிரிப்புக்குள் இருந்தன. பேராச்சியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே பார்த்தால் நூற்றுப் பதினொன்று என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அடக்கமான எண். பெரிய மழை என்று பீற்றிக்கொள்ள வேண்டாம், ஹமீதாவின் நூற்று நாலுக்குப் பக்கத்தில் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்ளும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நிஜத்தில் அஞ்சு குழாயாக இருந்தால், அண்ணாச்சியின் மாடியில் பெய்த இவ்வளவு பெரிய மழையைத் திருடியது ஆகாதா? வானம் ராத்திரி முழுக்க முழித்திருந்து பெய்ததை ஒரு மெடிக்கல் ஷாப்காரி குறைத்து எழுதுவதாவது. சரி, ரெண்டுக்கும் நடுவில் எழுதினால்? நூற்று இருபத்துமூன்று புள்ளி ஏழு. அதுதான் இருக்கிறதிலேயே மோசம். அது மட்டும் நிச்சயமாகப் பெய்யாத மழை.

பாண்டி வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். சங்கரபாண்டி மின்வாரியத்தில் லைன்மேன். விடியற்காலையிலேயே கம்பி அறுந்த இடத்துக்கெல்லாம் போய்விட்டு மழைமானியைப் பார்க்கிற நேரத்துக்குத்தான் வீடு வந்திருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவன் மாத்திரையை வாங்குவதற்கு முன்னால், "எக்கா, அண்ணாச்சி வீட்டுல எத்தன?" என்றான்.

"மாத்திரய பிடி மொதல்ல. இது காலைல ஒண்ணு, இது ராத்திரி அரை."

"அதெல்லாம் தெரியும். நூத்தி முப்பதத் தாண்டிருக்கணுமே? நான் அந்தப் பக்கந்தான் போஸ்ட்ல ஏறி நின்னேன். அடிச்சுது பாருங்க ஒரு அடி, எனக்குக் கண்ணு தெரியல. ரெக்கார்டு ஒடஞ்சிருந்தா எல்லாருக்கும் புரோட்டா என் செலவு."

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது. "யாருலே அது, மழக்காரியளா? ஆத்தப் பாக்கப் போறீயளாக்கும்?"

"இல்ல பெரியம்ம, மிக்ஸி ஜாடி ரிப்பேருக்குக் குடுக்கப் போறோம்" என்றாள் ஹமீதா கூசாமல்.

"ஜாடிக்கு ரெண்டு பேரு. நல்ல ஜாடிதான்."

ஆற்றுப் பாலத்தின் நடைபாதையில் நாற்பது ஐம்பது பேர் வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். இத்தனை பேரும் என்ன வேலையைச் சொல்லிவிட்டு வந்திருப்பார்களோ என்று பேராச்சி நினைத்துக்கொண்டாள். ஒருவர் கையில் சிலிண்டர் புத்தகம் இருந்தது. தாமிரபரணி செம்மண் நிறத்தில், கரையோரத்து நாணலையெல்லாம் படுக்க வைத்துவிட்டு, ஒரு சத்தமும் போடாமல் போய்க்கொண்டிருந்தது. கல்மண்டபத்துக்குக் கழுத்து வரை தண்ணீர். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று மிதந்து வந்தது, அதன் மேல் ஒரு கொக்கு டிக்கெட் எடுத்தவன் மாதிரி நின்று பயணம் செய்தது. பாலத்தின் அடியில் அது நுழைந்ததும் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அடுத்த பக்கத்துக்கு ஓடினார்கள், வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, கொக்கு அந்தப் பக்கம் வெளியே வருகிறதா என்று பார்க்க. பேராச்சியும் ஓடினாள். கொக்கு வந்தது. ஊரே கை தட்டியது. இந்தத் தண்ணீருக்குள் எங்கேயோதான் அந்தக் குழாய்த் தண்ணீரும் போகிறது என்று பட்டென்று தோன்றியது. மாடி ஓட்டை, தெருச் சாக்கடை, வாய்க்கால், ஆறு. நாலோ அஞ்சோ, ஆறு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆற்றுக்கு வேண்டியதில்லை, மழைக்கு வேண்டியதில்லை, மதருக்கு வேண்டியதில்லை. அண்ணாச்சிக்கு வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் நாள் ஒரு மனுஷன் குனிந்து பார்த்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை, தப்பாக எழுதினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இருந்தும் கண்மட்டத்துக்குப் பிடித்துத்தான் பார்த்திருக்கிறார். காய்ந்த குழாயில்கூடப் பொய் சொல்லாதவர் நோட்டில், நிறைந்த குழாயை வைத்துக்கொண்டு தான் பொய் சொல்வதா? இல்லை, முடியாது, எழுதினால் அந்த எண் ஒவ்வொரு மழைக்கும் முழித்துக்கொண்டு தன்னைப் பார்க்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு பயம் குறையும் என்று பார்த்தால் கூடியது, ஏனென்றால் இனி சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் பைக்குள் போன் அடித்தது. அண்ணாச்சிதான்.

"எம்மா பேராச்சி, மணி ஒம்பதேகால் ஆவுது, குரூப்புல ஒண்ணும் காணுமே. நெட்டு இல்லியோ? மழ எத்தன?"

"அண்ணாச்சி..." என்றாள். ஹமீதா திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, எண்ணம் தப்பிட்டு. கடசிக் கொழாய்ல பதினொண்ணு புள்ளி ரெண்டு. அதுக்கு முந்தி கொட்டுனது நாலா அஞ்சான்னு தெரியல."

ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் தூரத்தில் ஒரு குக்கர் விசில், ஏதோ ஒரு மொழியில் யாரோ காய்கறி கூவுகிறது எல்லாம் கேட்டது.

"நெசமாவே தெரியலியா?"

"நெசமா தெரியல அண்ணாச்சி. எப்படியெல்லாமோ யோசிச்சுப் பாத்துட்டேன். ஏதாவது ஒண்ண எழுதிருவோம்னுகூட நெனச்சேன். மன்னிச்சிருங்க."

"பன்னெண்டு வருசம்" என்றார் அண்ணாச்சி. திட்டவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அது திட்டியதைவிட வலித்தது. பேராச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலமும் ஆறும் கொக்கும் எல்லாம் ஒன்றாகக் கலங்கின. பிறகு அவர் கேட்டார்: "அப்படி எதப் பாத்துக்கிட்டு நின்ன?"

"மதர."

"யார?"

"எதுத்த மடத்து மதர அண்ணாச்சி. கிரவுண்டு முழுக்கத் தண்ணி. யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு, தண்ணிய ஓங்கி ஓங்கி எத்துனாவ. நான் அத எண்ணிட்டேன் போல."

அண்ணாச்சி அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பதினாலு வருஷம் அந்த மதரிடம்தான். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் தெருவில் அவரைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்.

"மதரா? எத்துனாவளா?" குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எந்தக் காலு?"

"வலது காலு."

"செருப்போடயா?"

"செருப்பு கையில இருந்துது."

போனில் முதலில் ஒரு இருமல் வந்தது. அது இருமல் இல்லை. அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்திருந்தார். அடக்கப் பார்த்து முடியாமல், மூச்சு வாங்க, ஏசுவே ஏசுவே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பச்சைப்பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது. "எப்பா, பிள்ள முழிச்சிட்டா, வெளியே போய்ப் பேசுங்க" என்று மகளின் குரல். ஒரு கதவு திறந்தது, மூடியது. பிள்ளையின் அழுகை மட்டும் கிட்டத்திலேயே இருந்தது, தூக்கிக்கொண்டே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"சொல்லு தாயி. எப்படிப் பெஞ்சுது? மொதல்லேருந்து சொல்லு. இங்க ஒம்பதாவது மாடி. வந்து பதினோரு நாளா ஒரு மேகம் இல்ல. நான் எண்ணுறதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல."

பேராச்சி சொன்னாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிழக்கே ஒரு மின்னல், சத்தமில்லாமல். பிறகு காற்று நின்றது, தெரு நாய் எல்லாம் ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்தது. முதல் துளி ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் தண்டி. அப்புறம் துளியே இல்லை, ஒரே ஊற்றுதான். பாண்டி கம்பத்தில் ஏறி நின்றது, பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீர் இறைத்த ஆள், டிக்கெட் எடுத்த கொக்கு, கை தட்டிய ஊர். எட்டு மணிக்கு மழை நிற்கும்போது சட்டென்று நிற்காமல், சொல்லிக்கொண்டு போகிற விருந்தாளி மாதிரி வாசலில் கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போனது. உருளையைத் தூக்கியபோது இருந்த கனம். "நெறமாசக்காரியத் தாங்குனாப்ல இருந்துது அண்ணாச்சி" என்றாள். எவ்வளவு நேரம் பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பக்கம் "ம்", "ம்" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. அதுவும் கேட்டிருக்கும்.

"நோட்டு இருக்கா?" என்றார்.

"பையிலதான் இருக்கு."

"எடு. மி.மீ. கட்டத்துல ஒரு கோடு போடு."

பேராச்சி நோட்டை எடுத்தாள். எழுத இடமில்லை, கைப்பிடிச் சுவர் ஈரம். ஹமீதா மழைக்கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்று குனிந்து முதுகைக் காட்டினாள். "எழுது, சீக்கிரம். ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவளுக்கெல்லாம் நான் டெஸ்க்கா நிக்கேன் பாரு." அந்த முதுகின் மேல் நோட்டை விரித்து வைத்து, பன்னிரண்டு வருஷத்து எண்களுக்குக் கீழே பேராச்சி ஒரு சின்னக் கோடு போட்டாள்.

"போட்டாச்சு அண்ணாச்சி."

"குறிப்புக் கட்டம் இருக்குல்லா, அதுல எழுது."

"அதுலயா?"

"ஆமா, அதுலதான். என்ன எழுதன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியல, அதான் வெறுங்கட்டமாக் கெடக்கு. நீ பாத்தத எழுது. மதர் சமாச்சாரம் மட்டும் வேண்டாம், அத நான் எனக்குன்னு வச்சிக்கிடுதேன்."

ஒரு தூறல் விழுந்து நோட்டின் ஓரம் நனைந்தது. பேராச்சி எழுதினாள். ஹமீதா சிரிப்பை அடக்கியதில் முதுகு குலுங்கி எழுத்து கொஞ்சம் கோணியது.

"எழுதிட்டியா? வாசி."

"குழாய் நாலோ அஞ்சோ. நல்ல மழை."

போனில் பேத்தி என்னவோ சொன்னாள். அண்ணாச்சி அவளிடம், "கேட்டியா பிள்ள, நம்ம ஊர்ல மழ" என்றார். பிறகு பேராச்சியிடம், "இன்னொரு தடவ வாசி" என்றார்.